தெரு வந்து முட்டும் வீடு

எங்கள் தெருவின் தொடக்கத்தில் நின்று எங்கள் வீட்டைப் படம்பிடிக்காத சுற்றுலாக்காரர் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்கு இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெயில் அடிக்கிற சனிக்கிழமைகளில் நாலைந்து பேராவது நிற்பார்கள். தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளை வீடுகள் இடைவெளி விடாமல் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். நடுவில் கல் பதித்த தெரு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடிவந்து, குறுக்கே நிற்கும் இன்னொரு வீட்டு வரிசையில் முட்டி முடியும். அந்தக் குறுக்கு வரிசையில் நடுவிலிருக்கும் மூன்று வீடுகள் மட்டும் சற்று முன்னுக்குத் தள்ளி, உச்சியில் பழைய கிரேக்கக் கோவில்களில் இருப்பதுபோல ஒரு முக்கோண முகப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த மூன்றிலும் நடு வீடு எங்களுடையது. தெருவின் மறு தொங்கலில், அந்தக் கடைசியில், எவர் நின்றாலும் அவருடைய மூக்குக்கு நேரே எங்கள் கதவுதான் இருக்கும்.

முன்பு அவர்களைக் கண்டால் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எரிச்சல்தான் வருகிறது. யன்னலைத் திறந்து, போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று கத்தவேண்டும் போலிருக்கும். அந்த யன்னலடியில் அம்மா இருப்பதால் கத்துவதில்லை.

நான் நகரத் திட்டமிடல் படித்தவள். நகராட்சியில் அதே வேலைதான் பார்க்கிறேன். இந்த மாதிரி வீட்டு வரிசைகளின் மூலம் இங்கிலாந்து. அங்கே ஜோர்ஜ் என்ற பெயரில் ஒருவர் பின் ஒருவராக மன்னர்கள் இருந்த காலத்தில், கட்டடக்காரர்கள் பெரிய காணிகளை எடுத்து ஒல்லி ஒல்லியான துண்டுகளாகப் பிரித்தார்கள். எல்லாத் துண்டிலும் ஒரே உயரம், ஒரே அளவு யன்னல், ஒரே பூச்சு. தனியாகப் பார்த்தால் அது ஒடுக்கமான ஒரு வீடு. தெருவில் தள்ளி நின்று மொத்தமாகப் பார்த்தால் அரண்மனை. அந்த மோகம் கடல் தாண்டி இந்த வணிக நகரத்துக்கும் பிற்பாடு வந்து சேர்ந்தது. வீட்டைப் போலவே தெருவையும் யோசித்துத்தான் போட்டார்கள். நடந்து வருகிறவனின் கண் எங்கே போய் நிற்கவேண்டும் என்று தீர்மானித்து, அந்த இடத்தில் வரிசையின் மிக வடிவான வீட்டை வைப்பார்கள். அந்தக் கண் ஓடும் கோட்டுக்கு எங்கள் அலுவலகத்தில் ‘சிஷ்ற்அக்ஸ’ என்று பெயர். பார்வைக்கோடு என்று சொல்லலாம். பார்வைக்கோட்டை மறிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே இந்தத் தெருவின் தொடக்கத்தில் மடிக்கதிரை போட்டு உட்கார்ந்து இந்த முகப்பைப் படமாகக் கீறியிருக்கிறேன். பிற்காலத்தில் அந்த நடு வீடே விற்பனைக்கு வந்தபோது எனக்கு நித்திரை போய்விட்டது. தம்பியும் நானும் சேர்ந்து வாங்குவதென்று முடிவெடுத்தோம். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம்.

அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வீட்டை அவர் பார்க்கவே இல்லை. திரும்பி நின்று தெருவைப் பார்த்தார்.

"இது தெருக்குத்து எல்லோ" என்றார். "உங்கள் ரெண்டு பேருக்கும் இந்த ஊரில வேற வீடே கிடைக்கேல்லை?"

தெரு நேராக வந்து குத்துகிற வீடு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தெருவோடு வருகிற கெடுதல் எல்லாம் வளைந்து போக வழியில்லாமல் அந்த வீட்டுக்குள்ளேயே வந்து விழுமாம். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு காணியைச் சும்மா தந்தாலும் வேண்டாம் என்பார்கள். வேறு வழியில்லாமல் கட்டினால் தெரு முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை வைப்பார்கள். எந்த இடத்தை இங்கே வரிசையின் மகுடமாக வைத்தார்களோ, அந்த இடத்தைத்தான் அம்மா காலெடுத்து வைக்கப் பயப்படும் இடமாகப் பார்த்தார்.

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். அதே வாசலில் நின்று அம்மாவுக்கு நகரத் திட்டமிடலின் முழு வரலாற்றையும் சொல்ல வெளிக்கிட்டேன். தம்பிதான் நடுவில் புகுந்தான்.

"அக்கா, உன்ர வகுப்பை நிப்பாட்டு. அம்மா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. பிள்ளையாருக்கு நான் இடம் பாக்கிறன்."

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா என்னைக் கையிலும் அவனை வயிற்றிலும் வைத்துக்கொண்டுதான் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்து இறங்கினார். அப்போது அப்பா இல்லை. அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள், பிறகு ஆள் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தம்பி இந்த நகரத்தில் பிறந்தான், இங்கேயே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தான், ட்ராம் வண்டிகள் திருத்தும் பட்டறையில் வேலை. எதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை. சிரிக்காமல் பகிடி விடுவான், கேட்கிற நாங்கள்தான் சிரித்து மாளவேண்டும். கலியாணப் பேச்சு எடுத்தால், வீட்டு வேலை முடியட்டும் என்பான். அந்தப் பழைய வீட்டில் வேலை எந்தக் காலத்தில் முடிந்தது? பட்டறையால் வந்து நிலப்பலகை போட்டான், பூச்சுப் பூசினான், யன்னல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அரத்தாள் போட்டுத் தேய்த்தான். கீழே பாதி நிலத்துக்குள் இருந்த அறையைத் தனக்கு எடுத்துக்கொண்டான்.

இந்த வரிசை வீடுகளின் முன்பக்கம்தான் ஒழுங்கு. பின்பக்கம் போனால் ஒருவர் கூரை இறக்கியிருப்பார், இன்னொருவர் கண்ணாடி அறை ஒட்டியிருப்பார், கொடியில் உடுப்புக் காயும். "முன்னுக்குக் கோட்டும் சூட்டும், பின்னுக்குச் சாரம்" என்பான் தம்பி, வீட்டில் கட்டுகிற கைலியைச் சொல்வான். அம்மா அந்தச் சாரப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னறையில் கட்டில், பின்வளவில் கீரைப்பாத்தி, பின்வாசலில் செருப்பு. முன்கதவால் வந்தாலும் மழைக்கு ஒதுங்கிய ஆள் மாதிரி விறுவிறென்று உள்ளே போய்விடுவார்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முன்னறை யன்னலடியில் அம்மா உட்கார வேண்டும். அது நிலத்திலிருந்து கூரை வரைக்கும் போகும் பெரிய யன்னல். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அம்மா இதே மாதிரி வீடுகளில் இதே மாதிரி யன்னல்களை ஏணியில் ஏறித் துடைத்தார். ஈரத்துணியும் வாளியுமாக எத்தனை யன்னலில் நின்றிருப்பார், ஒன்றிலாவது இருந்திருப்பாரா? அதனால்தான் முன்னறைக்குச் சாய்மனைக்கதிரையும் கால் வைக்க முக்காலியும் வாங்கிப் போட்டேன். அம்மா அதில் தோய்த்த உடுப்பை மடித்து வைத்தார். உட்காரவில்லை.

பிள்ளையார் விஷயம் வேறு இருந்தது. முகப்பு பாதுகாக்கப்பட்ட முகப்பு. ஆணிகூட அடிக்க முடியாது. குடிபுகுந்த அன்று கதவில் மாவிலைத் தோரணம் கட்டியதற்கே, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை வந்து பார்த்து, மிக வடிவாக இருக்கிறது, எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று கேட்டார். தம்பி யோசித்து, முன் யன்னலின் உள்தட்டில் தெருவைப் பார்க்க ஒரு பிள்ளையாரை வைத்தான். யன்னலுக்கு உள்ளே இருப்பது எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது. அம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பிள்ளையாரின் முதுகு வீட்டைப் பார்த்தால் தரித்திரம். அடுத்த நாள் தம்பி இன்னொரு பிள்ளையாரை வாங்கிவந்து முதுகோடு முதுகு ஒட்டி வைத்தான். "இப்ப ஒருத்தர் வெளி அலுவல், மற்றவர் உள் அலுவல்" என்றான்.

அதுவும் அம்மாவுக்குக் காணாது என்று தெரிந்ததும் முன்தோட்டத்தில் ஒரு மரம் வைக்கலாம் என்றான். மரம் வளர்ந்தால் தெரு நேரே கதவில் குத்தாது, மரத்தில்தான் குத்தும். முன்தோட்டத்துக்கும் அனுமதி வேண்டும். தம்பி எங்கள் அலுவலகத்துக்கே அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டான். காரணம் என்ற இடத்தில், எங்கள் தெய்வம் தனியே இவ்வளவு பெரிய தெருவைச் சமாளிக்கக் கஷ்டப்படுகிறது என்று எழுதினான். என் வீடு என்பதால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறொருவர் பார்த்து, பார்வைக்கோட்டை மறைக்கும் என்று மறுத்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். தம்பி அந்தப் பதிலைச் சட்டம்போட்டுத் தன் அறையில் கொழுவினான்.

ஒரு ஞாயிறு பின்னேரம், தேத்தண்ணியோடு முன்னறைக்கு வரச்சொல்லி நான் அம்மாவை விடாமல் நெருக்கினேன். தம்பியும் இருந்தான். வெளியே நல்ல வெயில், தெரு முழுக்கத் தெரிந்தது. அம்மா அறை வாசலில் நின்றுகொண்டே கதைத்தார்.

"எங்கட வீடும் ஒழுங்கைத் தொங்கலிலதான் இருந்தது. ஒழுங்கை நேரா வந்து எங்கட படலையிலதான் முடியும். அண்டைக்கு நான் முத்தத்தில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். கொப்பர் உள்ளுக்குச் சேவ் எடுத்துக்கொண்டு நிண்டவர். அவங்கள் பெரிய றோட்டில இருந்து திரும்பேக்கையே நான் கண்டிட்டன். நடந்து வந்தவங்கள். ஓடேல்லை, சும்மா நடந்து வந்தவங்கள். கொப்பரைக் கூப்பிட எனக்கு வாய் வரேல்லை. வேற வீட்டுக்குப் போவாங்கள், வேற வீட்டுக்குப் போவாங்கள் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான். படலையில வந்து கையை வைக்குமட்டும் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை."

தேத்தண்ணிக் கோப்பை என் கையில் ஆறிப்போனது. இத்தனை வருடத்தில் அப்பாவைக் கொண்டுபோன அந்த நாளைப் பற்றி அம்மா சொன்னதில்லை. அவர் பின்னறைக்குப் போய்விட்டார். நான் அழுதேன். தம்பி அழவில்லை. அவன் யன்னலடியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த றோட்டால நல்லதும் வரும் எண்டு அம்மாவுக்கு ஒருக்காக் காட்டோணும்" என்றான்.

அதற்கு வழி அம்மாவின் கண்ணால் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிரேசன் செய்தார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அம்மா ஒரு கிழமை முழுக்க ஆச்சரியப்பட்டபடி திரிந்தார். சுவரின் வெள்ளை இவ்வளவு வெள்ளையா, என் தலையில் இவ்வளவு நரையா என்று கேட்டு என் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டார்.

"தூரத்தைப் பாத்துப் பழகோணும் எண்டு டொக்டர் சொன்னவர் எல்லோ" என்றான் தம்பி. டொக்டர் அப்படிச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. "பின்னுக்கு எங்கை அம்மா தூரம்? பாத்தியும் வேலியும்தான். தூரம் முன்னுக்குத்தான் கிடக்கு. நாளைக்கு நான் வேலைக்குப் போகேக்கை றோட்டுத் தொங்கலில நிண்டு ஒரு சாமான் தூக்கிக் காட்டுவன். பின்னேரம் வந்து என்னெண்டு கேப்பன். சொல்லாட்டித் திருப்பியும் ஆஸ்பத்திரிதான்."

முதல்நாள் அம்மா யன்னலுக்கு ஒதுக்காக நின்று எட்டிப் பார்த்தார். தம்பி சைக்கிளில் தெரு முழுக்கப் போய், கடைசி விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தி, திரும்பி நின்று, எதையோ தலைக்கு மேலே தூக்கினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வாழைப்பழம்" என்றார் அம்மா.

பின்னேரம் அவன் வந்து உள்ளே கால் வைக்கமுன்னரே அம்மா வாசலில் நின்று சொன்னார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டுப் பெட்டி, குடை, ஒரு சப்பாத்து, மழைக்கோட்டு. ஒருநாள் என் சீப்பைக் களவாய் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். அம்மா அதையும் கண்டுபிடித்து, பின்னேரம் அவனுக்கு ஏச்சும் வாங்கிக் கொடுத்தார். கையைக் காட்டுவான், அம்மாவும் காட்டுவார். சாமான் காட்டி முடிந்தாலும் அவன் மறையுமட்டும் யன்னலை விட்டு அசையமாட்டார். பின்னேரம் அவன் வருகிற நேரத்துக்கும் வந்து நிற்கத் தொடங்கினார். நின்றவர் ஒருநாள் மடித்து வைத்த உடுப்பை எடுத்துவிட்டுச் சாய்மனைக்கதிரையில் உட்கார்ந்தார். நான் கதவு இடுக்கால் பார்த்தேன். கால்கள் முக்காலியில் இருந்தன. பிள்ளையார்கள் இரண்டு பேரும் பக்கத்தில். என் வாழ்க்கையில் நான் கட்டிய எதையும் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. எங்கள் தெருவில் கற்களைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கிற வேலை நடந்தது. வாகனங்கள் உள்ளே வரமுடியாது. அன்று நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன், மேல்மாடியில். மத்தியானத்துக்கு முன்னர் அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். குரல் உயராத ஒரு கூப்பாடு.

"பிள்ளை, இறங்கி வா. ரெண்டு பேர் வருகினம்."

"ஆர் அம்மா?"

"பொலிஸ். ஒராளும் ஒரு பெட்டையும். தொப்பியைக் கையில வைச்சிருக்கினம்."

நான் இறங்கி ஓடிவந்தேன். அம்மா யன்னலடியில் எழுந்து நின்றார். தெருவின் மறு தொங்கலில் காரை விட்டுவிட்டு அவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கல் பெயர்த்த இடங்களில் பலகை போட்டிருந்தது. அதில் ஒருவர் பின் ஒருவராக, விழுந்துவிடாமல், மெதுவாக நடந்தார்கள். ஓடவில்லை.

"எங்கட வீட்டுக்குத்தான்" என்றார் அம்மா.

"இல்லை அம்மா. எத்தினை வீடு இருக்கு."

இந்தத் தெருவில் எல்லாக் கதவும் ஒரே உயரம், ஒரே பச்சை. நான் இருந்து கீறிய, படித்த, போற்றிய ஒழுங்கு அது. எந்தக் கதவுக்காவது போகட்டும், இடப்பக்கம் திரும்பட்டும், வலப்பக்கம் திரும்பட்டும் என்று வேண்டினேன். பக்கத்து வீட்டு ஆசிரியையின் கதவுக்குப் போகட்டும் என்றுகூட வேண்டினேன். வெட்கமில்லாமல் வேண்டினேன். அவர்கள் ஒவ்வொரு கதவாகத் தாண்டி வந்தார்கள். தெரு அவர்களை வேறு எங்கும் விடவில்லை.

அம்மா என் கையைப் பிடித்திருந்தார். கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. முழுக்கப் பார்த்தார். அவர்கள் கேற்றைத் திறந்ததும் என் கையை விட்டுவிட்டு, மணி அடிக்கமுன்னரே போய்க் கதவைத் திறந்தார். அந்தப் பொலிஸ்காரப் பெட்டை, உள்ளே வரலாமா, இருந்து கதைக்கலாமா என்று கேட்டாள். அம்மா தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் "இஷ் வைஸ்" என்றார். எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

துறைமுகப் பக்கம் ஒரு சந்தியில், வலப்பக்கம் திரும்பிய லொறிக்காரர், நேரே சைக்கிளில் போன தம்பியைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு எழுத ஏலாது.

செத்தவீட்டுக்கு நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும், வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சமைத்துக் கொண்டுவந்தார்கள், அழுதார்கள், நன்றி. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேரின் கண் தெருவிலேயே இருந்தது. குசினியில் சமையலுக்கு நின்ற ஒரு பெண் சொல்லியே விட்டார்.

"நேரத் தெருக்குத்து. உதைப் பாத்து எடுத்திருக்கக் கூடாதே?"

நான் வாயைத் திறக்கமுன்னர் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. அவ்வளவு நாளும் அழுது அழுது அடைத்துப்போயிருந்த குரல்.

"என்ர பிள்ளை செத்தது வேற றோட்டில, தங்கச்சி. இந்த றோட்டு அவனை ஒவ்வொருநாளும் பத்திரமாக் கொண்டுவந்து என்னட்டை விட்டது. இந்த றோட்டைப் பற்றி இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

எனக்குத்தான் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது, அம்மா நாள் முழுக்க முன்னறை யன்னலடியில் இருக்கிறார். காலையில் தம்பி போகிற நேரத்துக்கு எழுந்து நிற்பார். பின்னேரம் அவன் வருகிற நேரத்துக்கு எழுந்து நிற்பார். கதிரையைக் கொண்டுபோய் எரிக்கலாம் போலிருந்தது எனக்கு. வீட்டை விற்றுவிட்டு எங்கேயாவது மாடிக் குடியிருப்புக்குப் போகலாம் என்று கேட்டேன்.

"நீ போறதெண்டாப் போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு விசர் பிடிக்கேல்லைப் பிள்ளை. அவன் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா வாறதெண்டா இந்த றோட்டாலதானே வருவான்."

பக்கத்து வீட்டு ஆசிரியை தம்பியை நன்றாக அறிந்தவர். அவருடைய குழாய் ஒழுகினால் அவன்தான் போவான். அவர் வரிசை முழுக்கக் கதவு கதவாகத் தட்டி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். தம்பி கேட்ட மரத்தை அவன் நினைவாக அவன் கேட்ட இடத்திலேயே வைக்கவேண்டுமாம். விதிவிலக்காக அனுமதி கிடைத்தது. முகப்பில் ஒரு ஆணி அடிக்க விடாத அந்தத் தெரு, தன் பார்வைக்கோட்டையே விட்டுக்கொடுத்தது. எனக்கு அவர்களைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. அம்மாவுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்காகக் கேட்ட மரம்தானே. முன்கூட்டியே சொன்னேன். அவர் காதில் வாங்கினமாதிரித் தெரியவில்லை.

மரம் வந்த காலை, அயலார் எல்லோரும் கேற்றடியில் கூடினார்கள். ஆசிரியை கேக் செய்து கொண்டுவந்தார். சின்னக் காட்டுச் செரி மரம், வேரைச் சாக்கில் கட்டியிருந்தது. வேலைக்காரர் இருவர் முன்தோட்டத்தில் மண்வெட்டியை ஊன்றினார்கள்.

முன்கதவு திறந்தது. அம்மா வீட்டுச் சட்டைக்கு மேல் தம்பியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். வந்து, குழி வெட்டப்போகிற இடத்தில் ஏறி நின்றார். தலையைத் திருப்பித் தெருவின் மறு தொங்கலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல மரம். நல்ல சனம். பின்வளவில வைக்கச் சொல்லு, பிள்ளை. இதில வைச்சா அவன் அங்கை நிண்டு காட்டுறது எனக்குத் தெரியாமல் போயிடும்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆசிரியை என் தோளில் கை வைத்து, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அதை அப்படியே ஜெர்மன் மொழியில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினேன். கடைசியில் எனக்குத் தெரிந்த என் தொழிலின் சொல்லைத்தான் சொன்னேன். பார்வைக்கோட்டை மறைக்கிறதாம்.

வேலைக்காரர் தலையாட்டி மண்வெட்டியை எடுத்தார்கள். இந்த நாட்டில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆசிரியை மட்டும் தெருவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மழைக்கோட்டைப் பார்த்தார். கேக் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

மரம் இப்போது பின்வளவில், கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றிவிட்டு வந்து கதிரையில் இருப்பார். மரம் வைத்த அன்று பின்னேரம் நானும் முக்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். நீண்டநாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். கடைசி நாள் காலையில் நான் மேல்மாடியில் இருந்தேன். அம்மா மட்டும்தான் பார்த்தவர்.

"அண்டைக்கு அவன் என்னம்மா தூக்கிக் காட்டினவன்?"

அம்மா தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அவன் வந்து கேட்டாத்தான் சொல்லுவன்."